சிறுநீர்ப் பாதையில் ஆழமான எண்டோமெட்ரியோசிஸ்: சந்தேகம் வருவது முதல் அறுவை சிகிச்சைக்குப் பின் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மாதவிடாய் நெருங்கினாலே சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்றில் அழுத்தம், பாத்ரூம் போய் வந்த பத்தாவது நிமிடத்தில் மறுபடி அவசரம். யூரின் டெஸ்ட்டில் கிருமி எதுவும் வளரவில்லை. இருந்தாலும் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தருகிறார்கள், சரியாகியும் விடுகிறது. அந்த ஐந்து நாளில் மாதவிடாயும் முடிந்திருக்கும் என்பதை யாரும் கவனிப்பதில்லை. மருந்துதான் கேட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அடுத்த மாதம் அதே எரிச்சல் திரும்ப வருகிறது. இப்படியே வருடக்கணக்கில் ஓடிவிடும்.

இந்த வழிகாட்டி அந்தச் சுழலில் இருப்பவர்களுக்காக. எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது ஏற்கெனவே தெரிந்தும், சிறுநீரகத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்றால் உங்களுக்கும்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

கருப்பையின் உள்வரிச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அது மேலோட்டமாகப் படராமல், வயிற்றறைச் சவ்வுக்கு அடியில் 5 மி.மீ.க்கு மேல் ஊடுருவி, தழும்புத் திசுவோடு கெட்டியான முடிச்சாக மாறும்போது அதை ஆழமான வகை என்பார்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நூறில் ஒருவருக்குச் சிறுநீர்ப் பாதை பாதிக்கப்படுகிறது. ஆழமான வகை உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த விகிதம் பல மடங்கு கூடும்.

அதிகம் பாதிக்கப்படுவது சிறுநீர்ப்பை. அதற்கடுத்து, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய். சிறுநீரகத்திலோ, சிறுநீர் வெளியேறும் கடைசிப் பாதையிலோ வருவது மிக அரிது.

சிறுநீர்ப்பையில் வந்தால் அது உங்களைச் சும்மா விடாது. எரிச்சல், வலி, அவசரம் என்று ஏதாவது காட்டிக்கொடுத்துவிடும். சிலருக்கு மாதவிடாய் நாட்களில் சிறுநீரில் ரத்தமும் வரும். சிறுநீர்க்குழாயில் வந்தால் பெரும்பாலும் சத்தமே இருக்காது. வெளியிலிருந்து தழும்புத் திசு மெல்ல மெல்ல நெரிக்கிறது. மேலே சிறுநீர் தேங்கி, குழாய் விரிந்து, சிறுநீரகமும் வீங்குகிறது. அடைப்பு ஒரே நாளில் வராமல் மாதக்கணக்கில் வளர்வதால் கல் அடைத்தது போன்ற வலி வருவதில்லை. ஒரு பக்கச் சிறுநீரகம் முழுதும் செயலிழந்த பிறகு, வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிய வந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் என்னைப் பொறுத்தவரை இந்த நோயில் முதல் கேள்வி வலி எவ்வளவு என்பது அல்ல, இரண்டு சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதுதான்.

படி 1: மூன்று மாதக் குறிப்பு

டாக்டரிடம் போகும் முன் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குக் குறித்து வையுங்கள். "அடிக்கடி யூரின் போகிறது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அது நூறு காரணங்களுக்குப் பொருந்தும். இப்படி எழுதியிருந்தால் விஷயம் வேறு:

"இரண்டாம் நாள். இரவில் நான்கு முறை எழுந்தேன். பை நிறைய ஆரம்பிக்கும்போதே தொப்புளுக்குக் கீழே வலி, சிறுநீர் முடியும் நேரத்தில் சுருக்கென்று குத்தல். நிறம் லேசான சிவப்பு. எட்டாம் நாளிலிருந்து எதுவும் இல்லை."

நாளும் அறிகுறியும் சேர்ந்து வருகிறதா என்பதைத்தான் இதில் தேடுகிறோம். மாதவிடாய் ரத்தம் சிறுநீரில் கலந்து குழப்பக்கூடும். டாம்பான் அல்லது மாதவிடாய்க் கப் வைத்திருக்கும்போதும் சிறுநீர் சிவந்து வந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். உடலுறவில் ஆழத்தில் வலி, மலம் கழிக்கும்போது வலி, முதுகின் பக்கவாட்டில் மந்தமான கனம், முன்பு சிசேரியனோ கருப்பை அறுவையோ நடந்தது என எல்லாவற்றையும் எழுதுங்கள். வருடங்கள் போகப் போக வலி மாதம் முழுக்கப் பரவிவிடுவதும் உண்டு. எனவே இப்போது சுழற்சி தெளிவாக இல்லை என்றால், ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று யோசித்து எழுதுங்கள்.

படி 2: எளிய பரிசோதனைகள்

யூரின் ரொட்டீன், யூரின் கல்ச்சர், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப் பொருள்). கல்ச்சரில் திரும்பத் திரும்பக் கிருமி வளரவில்லை என்றால், "இது தொற்றுதானா டாக்டர்?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கிரியாட்டினின் நார்மல் என்று வந்ததும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஒரு சிறுநீரகம் பழுதானாலும் மற்றது வேலையை ஏற்றுக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறாமலே இருக்கலாம். சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையை எழுதினால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் உண்டு, இல்லை என்று முடிவு செய்ய அது உதவாது.

படி 3: ஸ்கேன், இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்

வழக்கமான வயிற்று ஸ்கேனில் "கருப்பை நார்மல், சினைப்பை நார்மல்" என்று வந்தாலும் ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். அதைத் தேடத் தெரிந்த ஒருவர் பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன்தான் முதல் தேர்வு. 2016இல் ஐடியா என்ற நிபுணர் குழு இந்த ஸ்கேனை எந்த வரிசையில், எந்தெந்த இடங்களைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று பொது முறை வகுத்தது. ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் இன்னொரு மாற்றத்தைச் சொன்னது: எண்டோமெட்ரியோசிஸை உறுதி செய்ய லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தே ஆக வேண்டும் என்ற பழைய நிலை இனி இல்லை. நல்ல ஸ்கேனே வழிகாட்டும். ஆனால் ஸ்கேன் நார்மலாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

ஸ்கேனுக்குப் போகும்போது கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. "பாத்ரூம் போய்விட்டு வாங்க" என்பது வழக்கம். சிறுநீர்ப்பையில் சந்தேகம் இருந்தால் அது கொஞ்சமாவது நிறைந்திருக்க வேண்டும். காலியான பையின் சுவர் மடிந்து கிடக்கும், முடிச்சு அதற்குள் ஒளிந்துகொள்ளும். எனவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பரிசோதிப்பவர் பையின் பின்சுவரில் கருமையான முடிச்சு இருக்கிறதா, அதன் அளவு என்ன, சிறுநீர்க்குழாய்கள் திறக்கும் வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, கருப்பையும் பையும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றனவா, ஒட்டிப்போய்விட்டனவா என்று பார்ப்பார்.

பெண்ணுறுப்பு வழி ஸ்கேன் ஏற்றதல்லாதவர்களுக்கு, உதாரணமாக உடலுறவு அனுபவமே இல்லாதவர்களுக்கு, எம்ஆர்ஐ நல்ல மாற்று.

அப்புறம், வயிற்றின் மேல் புரோபை வைத்து இரண்டு சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை, வலி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. இடுப்பு ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தால் பலர் இடுப்போடு நிறுத்திவிடுவார்கள். ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்த ஒவ்வொருவருக்கும், சிறுநீர் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதைச் செய்ய வேண்டும். முக்கியமாக, கருப்பையைப் பின்னால் தாங்கும் தசைநார்களிலோ, பெண்ணுறுப்புக்கும் மலக்குடலுக்கும் இடையிலோ 3 செ.மீ.க்கு மேல் முடிச்சு இருந்தால் சிறுநீர்க்குழாய் சிக்கியிருக்கும் வாய்ப்பு கூடுதல். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பரிசோதனையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

படி 4: வரைபடத்தை முழுமையாக்குவது

முடிச்சு இருப்பது தெரிந்ததும் அடுத்த கேள்வி, வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பது. சிறுநீர்ப் பாதையில் தனியாக வருவதைவிட மலக்குடல், தசைநார்கள், சினைப்பை என்று கூட்டாக வருவதே அதிகம். எம்ஆர்ஐ இந்த முழுப் படத்தைத் தரும். குழாய் எந்த உயரத்தில், எவ்வளவு நீளத்துக்கு நெரிபட்டிருக்கிறது என்று பார்க்க எம்ஆர் யூரோகிராம் அல்லது சிடி யூரோகிராம் எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் என்சியன் என்ற வகைப்பாட்டை நீங்கள் பார்க்கலாம். 2021இல் திருத்தப்பட்ட அந்த முறையில் எஃப்பி என்றால் சிறுநீர்ப்பை, எஃப்யூ என்றால் சிறுநீர்க்குழாய்.

சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பிக்கு ஒரு வரம்பு உண்டு. நோய் வெளியிலிருந்து உள்நோக்கி வளர்கிறது. உள்வரிச் சவ்வை அது இன்னும் எட்டவில்லை என்றால் கேமராவில் எல்லாம் சுத்தமாகவே தெரியும். "உள்ளே பார்த்தோம், ஒன்றுமில்லை" என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. எட்டியிருந்தால் நீலம் பாய்ந்த மேடுகள் தெரியும், மாதவிடாயை ஒட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாக. அந்த மேட்டுக்கும் சிறுநீர்க்குழாய் வாய்க்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பதும், புற்றுநோய் அல்ல என்று உறுதி செய்யத் தேவைப்பட்டால் சிறு துண்டு எடுப்பதும் இதன் பயன்கள்.

சிறுநீரகம் வீங்கியிருந்தால் இன்னொரு பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. ரெனோகிராம் என்னும் ஐசோடோப் ஸ்கேன் இடது எத்தனை சதவீதம், வலது எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டும். காப்பாற்றக்கூடிய சிறுநீரகமா, இல்லையா என்ற முடிவு இந்த எண்ணில்தான் தொங்குகிறது.

படி 5: மாத்திரையா, அறுவையா

சிறுநீர்ப்பையில் மட்டும் முடிச்சு, குழாய்கள் இரண்டும் திறந்திருக்கின்றன என்றால் மாத்திரை நியாயமான தேர்வு. டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை தினம் 2 மி.கி., கூட்டு ஹார்மோன் மாத்திரைகள், ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கும் ஜிஎன்ஆர்எச் வகை மருந்துகள் ஆகியவை வலியையும் அவசரத்தையும் நன்றாகவே அடக்குகின்றன. சாப்பிடும் வரைதான் பலன், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு இவை கருத்தரிப்பைத் தடுக்கும் என்பதால் பொருந்தாது. மாத்திரையில் சமாளிக்கிற பெண்ணிடம் "முடிச்சு இருக்கிறதே, வெட்டிவிடலாம்" என்று அவசரப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

குழாய் அடைத்துச் சிறுநீரகம் வீங்கியிருந்தால் நிலைமை நேர்மாறு. நெரிப்பதில் பெரும்பங்கு தழும்புத் திசு, ஹார்மோன் அதை இளக்காது. மாத்திரையால் வலி குறைந்து எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும்போதே அடைப்பு தொடரலாம். அங்கே அறுவைதான் சிகிச்சை. அதுவரை சிறுநீரகத்தைக் காப்பாற்ற, சிறுநீர்க்குழாய்க்குள் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பார்கள். உள்ளிருந்து ஸ்டென்ட் ஏறவில்லை, அல்லது தேங்கிய சிறுநீரில் சீழ் பிடித்துவிட்டது என்றால் முதுகுப் பக்கமிருந்து சிறுநீரகத்துக்குள் நெஃப்ரோஸ்டமி குழாய் போடுவார்கள்.

படி 6: யார் செய்யப் போகிறார்கள்

மகளிர் நோய் அறுவை நிபுணரும் யூராலஜிஸ்ட்டும் (சிறுநீர்ப் பாதை நிபுணர்) ஒரே மேஜையில் நின்று செய்ய வேண்டிய அறுவை இது. குடலிலும் இருந்தால் குடல் அறுவை நிபுணரும் வேண்டும். அரைகுறையாகச் செய்து இரண்டாம் முறை திறக்கும்போது ஒட்டுகள் கூடி எல்லாமே சிக்கலாகும். எனவே வெட்கப்படாமல் கேளுங்கள்: இதைப் போன்ற அறுவைகளை நீங்கள் தொடர்ந்து செய்கிறீர்களா டாக்டர்? குழாயை வெட்டி இணைக்க வேண்டி வந்தால் அன்றைக்கே செய்வீர்களா? யூராலஜிஸ்ட் அருகில் இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா? ஒப்புதல் படிவத்தில் எதற்கெல்லாம் கையெழுத்து வாங்குகிறீர்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

படி 7: சிறுநீர்ப்பை அறுவை

பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், சில இடங்களில் ரோபோ உதவியுடன் செய்கிறார்கள். முடிச்சு தசையின் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் பையைத் திறக்காமலே சீவி எடுத்துவிடலாம். சுவரின் முழுத் தடிமனையும் துளைத்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும்.

வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் சிஸ்டோஸ்கோப்பி. முடிச்சு குழாய் வாய்க்கு அருகில் இருந்தால் இரண்டு பக்கமும் ஸ்டென்ட் ஏற்றி வைப்பார்கள், தைக்கும்போது வாய் சேர்ந்து தைக்கப்படாமல் இருக்க. பிறகு வயிற்றுக்குள் போய், கருப்பையின் முன்பக்கத்தோடு ஒட்டிக்கிடக்கும் பையை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிப் பிரிப்பார்கள். நடுவில்தான் முடிச்சு, அங்கே கை வைத்துத் தொடங்கினால் எது எது என்றே தெரியாது. பிரித்ததும் பையைத் திறந்து, முடிச்சைச் சுற்றி ஆரோக்கியமான திசு தெரியும் இடத்தில் வெட்டி, தானாகக் கரையும் நூலால் தைப்பார்கள். கடைசியில் பையில் நீலச்சாயம் கலந்த திரவத்தை நிரப்பி எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள்.

முடிச்சைச் சிறுநீர் வெளியேறும் பாதை வழியாக, உள்ளிருந்து சுரண்டி எடுத்துவிடலாமே என்று சிலருக்குச் சொல்லப்படுவது உண்டு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வெளியிலிருந்து வந்த நோயை உள்ளிருந்து முழுதாக எடுக்க முடியாது. அடிப்பகுதி தங்கிவிடும், திரும்ப வரும், ஆழமாகச் சுரண்டினால் பை ஓட்டையாகும். ஆழமான நோய்க்கு இது சரியான வழியல்ல.

ஒரு பகுதியை எடுத்துவிட்டால் பை சின்னதாகிவிடுமே என்ற பயம் எல்லோருக்கும் வரும். முதல் சில வாரங்கள் அடிக்கடி போக வேண்டியிருக்கும். பை நெகிழ்ந்து கொடுக்கும் உறுப்பு, பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் கொள்ளளவு திரும்பிவிடுகிறது.

படி 8: சிறுநீர்க்குழாய் அறுவை

கடினமான பகுதி இதுதான். இடது பக்கம் பாதிக்கப்படுவது அதிகம், பெரும்பாலும் குழாயின் கீழ் மூன்றில் ஒரு பங்கு. அறுவை நிபுணர் நோய் இல்லாத இடத்தில், குழாய் இடுப்பு விளிம்பில் பெரிய ரத்தக்குழாய்களைக் கடக்கும் இடத்தில், அதைத் தேடிப் பிடிப்பார். மெல்லத் தொட்டால் புழு நெளிவதுபோல் ஒரு அலை ஓடும். ரத்தக்குழாய் அல்ல, சிறுநீர்க்குழாய்தான் என்பதற்கு அந்த அசைவே அடையாளம். அங்கிருந்து கீழ்நோக்கி, கருப்பை ரத்தநாளத்தின் அடியில் அது நுழையும் இடம் வரை விடுவித்துக்கொண்டே போவார். குழாயைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில்தான் அதற்கான ரத்தநாளங்கள் ஓடுகின்றன. அதை உரித்துவிட்டால் குழாய் சில நாளில் அழுகிக் கசியும். எனவே இங்கே வேகத்துக்கு மரியாதை கிடையாது.

நெரிப்பு வெளியிலிருந்து மட்டும் என்றால் விடுவித்ததோடு வேலை முடியும். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு இந்த வெளி வகைதான். விடுவித்த பிறகும் குழாய் சுருங்கியே இருந்தால், அல்லது நோய் குழாயின் தசைக்குள் புகுந்திருந்தால், அந்தத் துண்டை வெட்ட வேண்டும். சிறுநீர்ப்பையிலிருந்து சற்று மேலே இருக்கும் சிறு துண்டு என்றால் இரண்டு முனைகளையும் இணைத்துத் தைக்கலாம். பைக்கு அருகில் என்றால் குழாயைப் பையில் புதிய இடத்தில் பதிப்பார்கள். நீளம் போதாவிட்டால் பையையே மேலே இழுத்து இடுப்புத் தசையோடு தைத்துத் தூரத்தைக் குறைப்பார்கள், இதற்குச் சோவாஸ் ஹிட்ச் என்று பெயர். அதுவும் போதாவிட்டால் பையின் சுவரிலிருந்து ஒரு மடலை வெட்டிக் குழாயாகச் சுருட்டும் போவாரி முறை இருக்கிறது. சிறுநீரகத்தின் வேலை ஏறக்குறைய 10 சதவீதத்துக்கும் கீழே போய், தொற்றும் வலியும் தொந்தரவு செய்தால் அதை எடுத்துவிடப் பரிந்துரைப்பார்கள். அந்த நிலைக்கு ஒருவரும் வந்து சேரக் கூடாது என்பதற்காகத்தான் மூன்றாம் படியில் அவ்வளவு நேரம் நின்றேன்.

அறுவைக்கு முன்பே பேசிவிட வேண்டியது ஒன்று உண்டு. பையைச் சுருங்கச் செய்யும் நரம்புகள் இந்த முடிச்சுகளின் ஓரமாகவே ஓடுகின்றன. இரண்டு பக்கமும் ஆழமாக வெட்ட நேர்ந்தால், பிறகு சிறுநீர் தானாக முழுதும் வெளியேறாமல் போகலாம். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ தேறும், சிலருக்கு நீடிக்கும். அதுவரை தாங்களே மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீரை வெளியேற்றப் பழக வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டு, பிறகு அந்தக் குழாயைக் கையில் கொடுப்பது பெரிய அநியாயம்.

படி 9: வீடு திரும்பிய பிறகு

பையைத் தைத்திருந்தால் சிறுநீர் கதீட்டர் வழக்கமாக 7 முதல் 14 நாள் இருக்கும். பெரிய தையல் என்றால் எடுக்கும் முன் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்வார்கள். டிஜே ஸ்டென்ட் ஏறக்குறைய 4 முதல் 8 வாரம். ஸ்டென்ட் இருக்கும்வரை பக்கவாட்டு வலியும், அவசரமும், லேசான சிவப்பும் வந்து போகும், பயப்பட வேண்டாம். ஸ்டென்ட்டை எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள், போனிலும் பதிந்து வையுங்கள். மறந்துபோன ஸ்டென்ட்டில் உப்புப் படிந்து கல்லாகிவிடும், அதை எடுக்கத் தனி அறுவை தேவைப்படும்.

குளிர்காய்ச்சல், பக்கவாட்டில் கூடிக்கொண்டே போகும் வலி, வயிறு உப்புதல், சிறுநீர் அளவு குறைதல் ஆகிய எதுவானாலும் அன்றைக்கே போக வேண்டும். முதல் சில வாரங்களில் பெண்ணுறுப்பிலிருந்து தண்ணீராகக் கசிந்து நாப்கின் நனைந்துகொண்டே இருந்தால், வெள்ளைப்படுதல் என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் திரவத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமென்றால் அது சிறுநீர்தான், எங்கோ கசிகிறது.

படி 10: அடுத்த வருடங்கள்

தைத்த இடம் மறுபடி சுருங்கலாம், அதுவும் முதல் முறை போலவே சத்தமில்லாமல். எனவே ஸ்டென்ட் எடுத்த 4 முதல் 6 வாரத்தில் ஒரு சிறுநீரக ஸ்கேன், பிறகு மூன்றாம், ஆறாம் மாதங்களில், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என்பது நியாயமான கணக்கு. உங்கள் நிலையைப் பொறுத்து டாக்டர் இதை மாற்றலாம். முன்பு வேலை குறைந்திருந்த சிறுநீரகத்துக்குச் சில மாதங்கள் கழித்து ரெனோகிராமையும் திரும்ப எடுப்பார்கள். உடனே குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையோ, ஹார்மோன் கருப்பைச் சாதனமோ மறுபடி வருவதைக் குறைக்கும்.

மாதவிடாய் நின்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அந்த வயதுக்குப் பிறகும் குழாய் அடைப்பு வந்தவர்கள் உண்டு. கருப்பையை எடுத்துவிட்டவராக இருந்தாலும், ஹார்மோன் மாற்று சிகிச்சை தொடங்கும் முன் எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததைச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜனை மட்டும் தருவதைவிடப் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த வகையை மருத்துவர் யோசிப்பார்.

கருத்தரித்தால் முதல் செக்கப்பிலேயே பழைய ஆபரேஷன் நோட்டைக் கொடுத்துவிடுங்கள். கர்ப்பத்தில் சிறுநீரகம் லேசாக விரிவது இயல்பு, அதுவும் வலப்பக்கம் அதிகம். எது இயல்பு, எது பழைய அடைப்பு என்று பிரித்துப் பார்க்க உங்களுடைய முந்தைய ஸ்கேன் அளவுகள் வேண்டும். சோவாஸ் ஹிட்ச் செய்தவருக்குச் சிறுநீர்ப்பை ஒரு பக்கமாக மேலே ஏறி நிற்கும். சிசேரியன் செய்ய வருபவருக்கு வயிற்றைத் திறக்கும் முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.